நாய்க்கான பிஸ்கட் குறிப்பில் கிராம் கணக்கும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பண்டிகை நெருங்கினால் நாளிதழ் இணைப்புகளில் வீட்டு நாய்க்கான பிஸ்கட் குறிப்பு ஒன்றாவது வந்துவிடுகிறது. வரவேற்க வேண்டியதுதான். வீட்டில் எல்லோரும் தின்பண்டத்தோடு உட்கார்ந்திருக்கும் நாளில் நாயும் வாலை ஆட்டிக்கொண்டு முகத்தையே பார்த்து நிற்கும். அதற்கென்று தனியாக ஒரு டப்பா இருந்தால், நம் தட்டிலிருந்து எடுத்துப் போடும் கை கொஞ்சம் அடங்கும். ஆனால் அச்சாகும் குறிப்புகளில் பல, மனிதருக்கான பிஸ்கட்டில் சர்க்கரையை மட்டும் எடுத்துவிட்டவை. "ஒரு கப் மாவு, தேவையான அளவு பீநட் பட்டர், பொன்னிறமாகும் வரை சுடவும்" என்பதோடு முடிந்துவிடுகின்றன. எந்த அளவுக் கப், எந்த பீநட் பட்டர், சுட்டது எத்தனை நாள் தாங்கும், 5 கிலோ நாய்க்கு எத்தனை தரலாம் என்ற கேள்விகளுக்கு அவற்றில் பதில் இல்லை. தவறு நடப்பது இந்த இடங்களில்தான். செய்து பார்க்க நினைக்கும் வாசகர்களுக்கு உதவும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பீநட் பட்டர். நாய் பிஸ்கட்டில் ருசிக்கும் மணத்துக்கும் அதைவிட எளிய பொருள் இல்லை. ஆனால் "சர்க்கரை சேர்க்காதது" என்று விற்கும் சில வகைகளில் இனிப்புக்காக சைலிட்டால் கலந்திருக்கும். மனிதருக்கு அது தீங்கில்லை. நாயின் உடலோ அதைச் சர்க்கரை என்று எடுத்துக்கொண்டு இன்சுலினைக் கொட்டிவிடும். அரை மணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரை சரிந்து, தள்ளாட்டம், வாந்தி, வலிப்பு என்று போகலாம். சில நேரம் 12 மணி நேரம் கழித்தும் தொடங்கும். உடல் எடையில் கிலோவுக்கு 0.1 கிராம் போதும், சர்க்கரை இறங்க. கிலோவுக்கு 0.5 கிராமுக்கு மேல் போனால் கல்லீரலே பழுதாகலாம். ஒரு தேக்கரண்டி சைலிட்டால் சுமார் 4 கிராம் இருக்கும். அதாவது 10 கிலோ நாய்க்குக் கால் தேக்கரண்டியே ஆபத்து. பாட்டிலின் முன்பக்க வாசகத்தை நம்பாமல் பின்பக்கப் பொருள் பட்டியலைப் படிக்க வேண்டும். சைலிட்டால் என்று மட்டுமல்ல, "பிர்ச் சர்க்கரை" என்றும் "இ 967" என்றும் எழுதியிருப்பார்கள். மூன்றும் ஒன்றே.

வீட்டிலேயே அரைத்துக்கொள்வது இன்னும் நல்லது. உப்பில்லாமல் வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலையை மிக்ஸியில் விட்டுவிட்டு ஓடவிட்டால், எண்ணெய் பிரிந்து 5 முதல் 8 நிமிடத்தில் தானாகவே விழுதாகிவிடும். தண்ணீர் ஒரு சொட்டுகூட வேண்டாம். பட்டால் கட்டிதட்டிப் போகும். சுருங்கியது, நிறம் மாறியது, பூசணம் தட்டியது எதையும் இரக்கம் பார்க்காமல் பொறுக்கி எறிய வேண்டும். பூசணம் விடும் அஃப்லாடாக்சின் நஞ்சு ஓவன் சூட்டில் அழியாது. நாயின் கல்லீரலுக்கு அதைத் தாங்கும் சக்தி மிகக் குறைவு.

சாக்லேட் ஆகாது என்பது இப்போது பலருக்கும் தெரியும். எந்தச் சாக்லேட், எவ்வளவு என்பதுதான் தெரிவதில்லை. அதிலுள்ள தியோப்ரோமின் நாயின் உடலைவிட்டுப் பாதியளவு வெளியேறவே 17 மணி நேரத்துக்கு மேல் ஆகும். கிலோவுக்கு 20 மில்லிகிராம் அளவில் வாந்தி, பேதி, படபடப்பு தொடங்கும். 40-50 அளவில் இதயத் துடிப்பு தாறுமாறாகும். 60-ஐத் தாண்டினால் வலிப்பு வரும். பால் சாக்லேட்டில் கிராமுக்குச் சுமார் 2 மில்லிகிராம், கறுப்புச் சாக்லேட்டில் 5 அல்லது அதற்கு மேல், இனிப்பில்லாத கோகோ பவுடரில் 20 அளவுக்கு இருக்கும். கணக்குப் போட்டால், 10 கிலோ நாய்க்குத் தொல்லை தொடங்க 100 கிராம் பால் சாக்லேட் வேண்டும். கோகோ பவுடர் 10 கிராமே போதும். அது 2 மேசைக்கரண்டிதான். பண்டிகை நாளில் கேக்குக்காகப் பிரித்து மேசை ஓரத்தில் வைத்த கோகோ பாக்கெட்தான் வீட்டிலேயே பெரிய அபாயம்.

அடுத்தது உலர் திராட்சை. "ஆரோக்கியமான இனிப்பு" என்று நாய் பிஸ்கட்டிலேயே அதைச் சேர்க்கச் சொல்லும் குறிப்புகள் இன்னும் உலவுகின்றன. திராட்சை எந்த வடிவத்திலும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யலாம். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவு கிடையாது. ஒரு நாய்க்கு ஒன்றும் ஆகாத அளவு இன்னொரு நாயைப் படுக்க வைத்துவிடும். அமெரிக்காவின் ஏ.எஸ்.பி.சி.ஏ. விலங்கு நச்சு மைய மருத்துவர்கள் 2021-ல் இதற்குக் காரணம் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று முன்வைத்தார்கள். அந்த அமிலம் கொண்ட கிரீம் ஆஃப் டார்டார் (கேக் செய்வோர் வைத்திருக்கும் வெள்ளைப் பொடி) தின்ற நாய்களிடமும், அதே அமிலமுள்ள புளி தின்ற நாய்களிடமும் அதே மாதிரியான சிறுநீரகப் பாதிப்பு தெரிந்ததுதான் அவர்களுக்குக் கிடைத்த துப்பு. எனவே முட்டை வெள்ளைக்கரு நுரைக்க கிரீம் ஆஃப் டார்டார் போடச் சொல்லும் எந்தக் குறிப்பும் நாய்க்கு ஆகாது. புளி சேர்ந்த எதுவும் அப்படியே.

வெங்காயம், பூண்டு இரண்டும் சிவப்பணுக்களை உடைப்பவை. சமைத்தாலும் அந்தக் குணம் போகாது, பொடியாக்கினால் கூடும். காரபிஸ்கட் என்ற பெயரில் பூண்டுப் பொடி சேர்ப்பது வேண்டவே வேண்டாம். ஜாதிக்காய், மக்கடாமியா கொட்டை, காபித் தூள், மதுவில் ஊறிய பழங்கள் ஆகியவையும் விலக்கு. பரங்கிக்காய் விழுது டின்னில் வாங்குவோர் வெறும் விழுதா, இனிப்பும் மசாலாவும் சேர்த்த, பை (pie) என்ற பண்டத்துக்கான கலவையா என்று பார்த்து வாங்க வேண்டும். இரண்டும் அடுத்தடுத்து ஒரே நிறத்தில் இருக்கும்.

இனி செய்முறை. முழுக் கோதுமை மாவு 250 கிராம். வேகவைத்து மசித்த பரங்கிக்காய் 120 கிராம். பீநட் பட்டர் 60 கிராம். முட்டை ஒன்று, ஓடு நீக்கி 50 கிராம். அவ்வளவுதான். உப்பு, சர்க்கரை, வெல்லம், தேன், பேக்கிங் பவுடர், சமையல் சோடா எதுவும் இல்லை. சோடா சேர்த்தால் பிஸ்கட் பொங்கி, உள்ளே துளை விழுந்து, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; தேவையில்லாத சோடியமும் சேரும். நாய் பிஸ்கட் பொங்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

பரங்கிக்காயை ஆவியில் வேகவைப்பது மேல். தண்ணீரில் போட்டு வேகவைத்தால் எவ்வளவு நீர் குடித்தது என்று தெரியாது, பிறகு மாவு கையில் ஒட்டும். மசித்ததை முழுக்க ஆறவிட வேண்டும். சூட்டோடு கலந்தால் முட்டை அங்கங்கே வெந்து திரியும். பரங்கி, பீநட் பட்டர், முட்டை மூன்றையும் முதலில் ஒன்றாக அடித்துக்கொண்டு, மாவை மூன்று தவணையாகச் சேர்க்க வேண்டும். மாவுக்கு மாவு நீர் குடிக்கும் அளவு மாறும். ஒட்டினால் ஒரு மேசைக்கரண்டி மாவு, விரிசல் விட்டால் ஒரு தேக்கரண்டி தண்ணீர் என்று மட்டும் திருத்துங்கள். சப்பாத்தி மாவைவிடச் சற்றுக் கெட்டியாக, அழுத்தினால் விரல் பதிந்து ஓரம் வெடிக்காத பதம் வேண்டும். பிறகு மூடி 30 நிமிடம் வைத்துவிட வேண்டும். இந்த அரை மணி நேரத்தைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் "வட்டமாக வெட்டினேன், முட்டை வடிவத்தில் வந்தது" என்று வருந்துகிறார்கள். பிசைந்தவுடன் கோதுமையின் பசைப்புரதம் முறுக்கேறி இருக்கும். தேய்த்து வெட்டியதும் ரப்பர் போல உள்ளே இழுத்துக்கொள்ளும். ஓய்வு கொடுத்தால் தளரும்.

இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் மேல்மாவு தூவ வேண்டியதில்லை. கனம் 6 மில்லிமீட்டர். கண்ணளவை நம்பாமல், 6 மில்லிமீட்டர் கனமுள்ள இரண்டு மரச்சட்டங்களையோ அடிகோல்களையோ இருபுறமும் வைத்து அவற்றின் மேல் கட்டையை உருட்டினால் தட்டு முழுக்க ஒரே கனம் வரும். ஒரே கனம் இல்லாத தட்டில் மெல்லியவை கருகும்போது தடித்தவை பச்சையாகவே இருக்கும். அச்சு விஷயத்திலும் அதே நியாயம். நட்சத்திரத்தின் கூர் முனை, மானின் கொம்பு போன்ற மெல்லிய நீட்டல்கள் நடுப்பகுதி வேகும் முன்பே கருகி, ஆறியதும் உடைந்து விழும். வட்டம், எலும்பு, மணி, தடித்த இலை போன்றவை பத்திரமானவை. 4 சென்டிமீட்டர் வட்டம் என்றால் மேலே சொன்ன மாவில் 55 வரை வரும், 2.5 சென்டிமீட்டர் என்றால் 140 வரை. வெட்டியதை முள்கரண்டியால் இரண்டு மூன்று இடத்தில் குத்திவிட்டால் உள்ளே ஆவி சேர்ந்து கொப்புளம் எழாது.

முன்சூடாக்கிய ஓவனில் 160 டிகிரி செல்சியஸ், நடுத்தட்டில் 25 நிமிடம். வெளியே எடுத்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டு மேலும் 10 நிமிடம். இந்தக் கட்டத்தில் அது வெந்துவிட்டது, ஆனால் காயவில்லை. பெரும்பாலான குறிப்புகள் இங்கேயே முடிந்துவிடுகின்றன. மூன்றாம் நாள் டப்பாவில் பூசணம் பூப்பதற்குக் காரணம் அதுதான். சூட்டை 100 டிகிரிக்குக் குறைத்து ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் உலர்த்தி, ஓவனை நிறுத்திவிட்டு உள்ளேயே ஆறவிட வேண்டும். அவசரத்துக்கு 190, 200 டிகிரியில் வைத்தால் மேல்தோல் சட்டென்று காய்ந்து மூடிக்கொள்ளும்; உள்ளே இருக்கும் நீர் வெளியேற வழியில்லை. அன்றைக்கு மொறுமொறுப்பாகத்தான் இருக்கும். மறுநாள் அந்த நீர் மெல்ல வெளித்தோலுக்கு வந்து பிஸ்கட்டையே நமுத்துப்போக வைக்கும். சூடான பிஸ்கட்டை மின்விசிறிக்கு அடியில் வைத்தால் நேர் எதிரான தொல்லை: வெளிப்புறம் வேகமாகச் சுருங்கி நடுவில் கோடு போல விரிசல் விடும். ஓவனுக்குள்ளேயே ஆறுவது இரண்டுக்கும் மருந்து.

காய்ந்துவிட்டதா என்று உறுதி செய்ய நிறத்தை நம்ப வேண்டாம், தராசை நம்புங்கள். மேலே சொன்ன மாவு மொத்தம் 480 கிராம். அதில் பரங்கியிலிருந்து 108, முட்டையிலிருந்து 38, மாவின் இயல்பான ஈரம் 30 என்று ஏறக்குறைய 175 கிராம் தண்ணீர். மீதி 305 கிராம்தான் திடப்பொருள். பிஸ்கட்டில் ஈரம் 10 சதவீதத்துக்குள் வந்தால்தான் வெளியில் வைத்தாலும் பூசணம் பிடிக்காது. அந்த ஈரத்தில் மொத்த எடை சுமார் 340 கிராம் இருக்கும். ஆறிய பிறகு எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்துப் பாருங்கள். 340 அல்லது அதற்குக் கீழே என்றால் டப்பாவில் போடலாம். 380 காட்டினால் ஐந்தில் ஒரு பங்கு இன்னும் தண்ணீர். மறுபடி 100 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து நிறுக்க வேண்டும். ஓரம் வெட்டியதில், கையில் ஒட்டியதில் கொஞ்சம் குறைந்திருந்தால், தட்டில் அடுக்கும்போதே பச்சை மாவை நிறுத்து, அதில் 71 சதவீதம் வரும் வரை காய வையுங்கள். வேறு செய்முறைக்கும் இதே வழியில் கணக்குப் போடலாம்.

தராசு இல்லையென்றால் இன்னொரு சோதனை உண்டு. ஆறிய பிஸ்கட் பத்தை உலர்ந்த கண்ணாடி ஜாடியில் போட்டு மூடி ஓர் இரவு வைத்திருங்கள். காலையில் கண்ணாடியின் உட்புறம் மங்கலாகப் பனித்திருந்தாலோ, பிஸ்கட் உடையாமல் வளைந்தாலோ ஈரம் மிச்சம் என்று பொருள். நன்றாகக் காய்ந்தது "டக்" என்ற ஒலியோடு இரண்டாகும். அப்படிப்பட்டது காற்றுப் புகாத டப்பாவில் 3 வாரம் தாங்கும், மழைக்காலத்தில் இரண்டு வாரம். அதற்கு மேல் பூசணம் வராவிட்டாலும் வேர்க்கடலை எண்ணெயும் கோதுமைத் தவிட்டின் எண்ணெயும் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். ஃப்ரீசரில் மூன்று மாதம் வரை வைக்கலாம். வயதான நாய், பல் விழுந்த நாய் இவற்றுக்காக வேண்டுமென்றே மென்மையாகச் சுட்டால் அது குளிர்பதனப் பெட்டிக்குரிய பண்டம். நான்கு நாளுக்கு மேல் வைக்கக் கூடாது. அதைவிடக் காய்ந்த பிஸ்கட்டையே வெதுவெதுப்பான நீரில் 5 நிமிடம் ஊறவைத்துக் கொடுத்தால் இரு வகை செய்யும் வேலை மிச்சம்.

ஓவனுக்குப் பதிலாக ஏர் ஃப்ரையர் வைத்திருப்போர் 150 டிகிரியில் ஒற்றை அடுக்காக 12 நிமிடம் சுட்டு, அந்தக் கருவியின் மிகக் குறைந்த சூட்டில் உலர்த்தலாம். அதில் காற்று வேகமாக வீசுவதால் மெல்லிய பிஸ்கட் பறந்து வெப்பச் சுருளில் ஒட்டும். மேலே கம்பி வலைத் தட்டு ஒன்றைக் கவிழ்க்க வேண்டும்.

மாவை மாற்றலாமா என்பது அடிக்கடி எழும் கேள்வி. மாற்றலாம், ஆனால் அதே அளவில் மாற்றினால் ஏமாற்றம்தான். ஓட்ஸைப் பொடித்த மாவில் பசைப்புரதம் கிடையாது. வெட்டும்போது நன்றாக இருந்து, திருப்பிப் போடும்போது நொறுங்கும். 250 கிராமில் 80 கிராம் வரை ஓட்ஸ் மாவு சேர்த்தால் சிக்கல் இல்லை. முழுக்க ஓட்ஸ் என்றால் முட்டை இரண்டாக்கி, பரங்கியை 80 கிராமாகக் குறைத்து, கலந்த பின் 20 நிமிடம் ஊறவிட வேண்டும். அரிசி மாவு மட்டும் போட்டால் மணல் போல உதிரும். கடலை மாவு நன்றாகவே சேர்ந்து வரும், ஆனால் உள்ளே பச்சை வாடை நிற்காமல் இருக்க 5 மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் போகக் கூடாது. "ஒவ்வாமைக்குக் கோதுமையை விடுங்கள்" என்ற அறிவுரை பொதுவாக எல்லா நாய்க்கும் தரப்படுகிறது. நாய்களுக்கு உணவு ஒவ்வாமை தருவதாக அதிகம் பதிவானவை மாட்டிறைச்சி, பால் பொருள்கள், கோழி, அதன் பிறகு கோதுமை. தோல் அரிப்புள்ள நாய்க்குப் பிஸ்கட் சுடும் முன், எது ஒவ்வாது என்று அதன் மருத்துவரிடம் கேட்பதே சரி. ஊகத்தில் மாவை மாற்றிப் பயனில்லை.

அலங்காரத்துக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம் என்பது என் எண்ணம். சர்க்கரை ஐசிங், வண்ண மணிகள், வெள்ளி உருண்டைகள் இவற்றால் நாய்க்கு ஒரு மகிழ்ச்சியும் இல்லை. அதன் மூக்குக்கு வேர்க்கடலை வாசனைதான் பண்டிகை. படம் எடுக்க அழகாக வேண்டும் என்றால், உலர்த்தத் தொடங்கும் முன் அடித்த முட்டையை மெல்லப் பூசினால் பளபளப்பு வரும். முழுக்க வடித்த கெட்டித் தயிரில் சோளமாவு கொஞ்சம் குழைத்து வெள்ளைக் கோடு இழுக்கலாம். ஆனால் மணிக்கணக்கில் வெளியேற்றிய ஈரத்தை அது திரும்பக் கொண்டுவந்துவிடும், அதனால் கொடுக்கும் நாளில் மட்டும் பூசி, அன்றே தீர்த்துவிட வேண்டும். சாக்லேட் நிறம் வேண்டுவோர் கேரப் (carob) என்ற மரக்காயின் பொடி வாங்கலாம். அதில் தியோப்ரோமின் இல்லை. பீட்ரூட் சாறு அழகான சிவப்பு தரும், மறுநாள் நாயின் கழிவும் சிவக்கும். தெரியாதவர்கள் ரத்தம் என்று பதறிவிடுவார்கள்.

மாவே இல்லாத பண்டங்களில் எளிதானது சர்க்கரைவள்ளிக் கிழங்கு. தோலோடு கழுவி, நீளவாக்கில் 7 மில்லிமீட்டர் கனத்தில் சீவி, 100 டிகிரியில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம், பாதியில் ஒருமுறை திருப்பி உலர்த்தினால் தோல்வார் போல மெல்லத் தகுந்ததாகும். 3 மில்லிமீட்டரில் சீவினால் சிப்ஸ் ஆகி நொறுங்கும். ஒரு சென்டிமீட்டர் போனால் நடுவில் ஈரம் நின்று புளிக்கும். மென்று தின்னாமல் விழுங்கும் பழக்கமுள்ள நாய்க்கு இதைத் துண்டாக நறுக்கியே தர வேண்டும், இல்லையேல் தொண்டையில் அடைக்கும்.

இறைச்சி உலர்த்துவோர் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். பச்சை இறைச்சியை நேராகக் குறைந்த சூட்டில் உலர்த்தக் கூடாது. ஈரம் குறையக் குறையக் கிருமிகள் சூட்டைத் தாங்கும் சக்தி பெறும். சால்மோனெல்லா உயிரோடு தங்கிவிடும். முதலில் ஆவியிலோ ஓவனிலோ வேகவைத்து, உட்பகுதி கோழிக்கு 74 டிகிரி, மற்ற இறைச்சிக்கு 71 டிகிரி தொட்ட பிறகே உலர்த்தத் தொடங்க வேண்டும். குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று வைத்திருப்பது நல்லது. கொழுப்பை முழுக்க வெட்டி எடுத்துவிடுங்கள். கொழுப்பு காயாது, கெட்டுத்தான் போகும்.

எத்தனை கொடுப்பது? பிஸ்கட், கிழங்கு, பயிற்சிக்குக் கொடுப்பது எல்லாம் சேர்த்து நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இதற்கு ஒரு சுலபக் கணக்கு. நாயின் எடையைக் கிலோவில் மூன்று முறை தன்னாலேயே பெருக்கி, கால்குலேட்டரில் வர்க்கமூலப் பொத்தானை இரண்டு முறை அழுத்துங்கள். வந்ததை 70-ஆல் பெருக்குங்கள். 10 கிலோ என்றால் 10 x 10 x 10 = 1000; வர்க்கமூலம் 31.6, அதன் வர்க்கமூலம் 5.62, 70-ஆல் பெருக்க 394. சும்மா படுத்திருந்தாலே செலவாகும் கலோரி அது. கருத்தடை செய்த, வளர்ந்த, சாதாரணமாக ஓடியாடும் நாய்க்கு அதை 1.6-ஆல் பெருக்கினால் 630. அதில் பத்தில் ஒரு பங்கு 63. மேலே சொன்ன மாவில் மொத்தம் சுமார் 1300 கலோரி இருப்பதால் 4 சென்டிமீட்டர் பிஸ்கட் ஒன்றுக்கு 24, சிறியதற்கு 9. ஆகவே 10 கிலோ நாய்க்குப் பெரியது இரண்டரை. 5 கிலோ நாய்க்கு ஒன்றரை. 25 கிலோ நாய்க்கு ஐந்து. பண்டிகை நாளில் வீட்டுக்கு வருவோர் ஆளுக்கு ஒன்று கொடுத்தாலே கணக்கு எங்கோ போய்விடும். சிறிய அச்சில் வெட்டுவதும், அன்றைய பங்கை மட்டும் ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்து "இது தீர்ந்தால் முடிந்தது" என்று விருந்தினரிடம் சொல்லிவிடுவதும் நடைமுறையில் பலன் தரும். நாய்க்கு ஒன்றின் அளவு பெரிதில்லை, எத்தனை முறை கிடைத்தது என்பதே பெரிது.

எல்லா நாய்க்கும் இந்தப் பிஸ்கட் பொருந்தாது. கணைய அழற்சி ஒருமுறை வந்த நாய்க்கு 60 கிராம் பீநட் பட்டரும் வேண்டாம். அதை விட்டுவிட்டு அதே எடைக்குக் கூடுதல் பரங்கி சேர்த்தால் மாவு தளர்ந்துவிடும், ஆகவே பரங்கியை 30 கிராம் மட்டும் கூடுதலாகச் சேருங்கள். கால்சியம் ஆக்ஸலேட் கல் உள்ள நாய்க்குச் சர்க்கரைவள்ளியும் கீரையும் விலக்கு. சர்க்கரை நோய், சிறுநீரக நோய், இதய நோய் உள்ளவற்றுக்கு மருத்துவரிடம் பொருள் பட்டியலைக் காட்டிக் கேட்ட பிறகுதான்.

பிறர் வீட்டு நாய்க்குப் பரிசாகக் கொடுப்பவர்கள் பாக்கெட்டின் மேல் எல்லாப் பொருள்களின் பெயரையும், சுட்ட தேதியையும், ஒன்றின் கலோரியையும் எழுதி ஒட்ட வேண்டும். ரிப்பன், நூல் கட்டக் கூடாது. விழுங்கிய நூல் குடலைச் சுருக்கிப் பிடித்து அறுவை சிகிச்சை வரை கொண்டுபோகும். பழைய டப்பாவில் கிடந்த ஆக்சிஜன் உறிஞ்சிப் பொட்டலத்தை எடுத்து உள்ளே போடுவோரும் உண்டு. அதில் இருப்பது இரும்புத் தூள், கடித்துத் தின்றால் இரும்பு நஞ்சாகும்.

சமையலறையில் அன்று நடக்கும் மற்ற வேலைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஈஸ்ட் சேர்த்துப் பொங்க வைத்த ரொட்டி மாவை நாய் தின்றால் அது வயிற்றின் சூட்டில் மேலும் பொங்கும், சாராயமும் உண்டாகும். குழந்தைகள் பொம்மை செய்து தொங்கவிடும் உப்பு மாவு இரண்டு பங்கு மாவுக்கு ஒரு பங்கு உப்பு கொண்டது. 10 கிலோ நாய்க்கு 20 கிராம் உப்பே உடல்நிலையைக் கெடுக்கப் போதும். அந்தப் பொம்மை நாயின் கண்ணுக்குப் பிஸ்கட்தான், நாமே அந்த வடிவத்தைப் பழக்கியிருக்கிறோம்.

எட்டாத இடத்தில் வைத்தது எட்டிவிட்டால், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு, நாயின் எடை என்ன என்ற நான்கையும் குறித்துக்கொண்டு, உறையைக் கையில் வைத்துக்கொண்டு கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது பழைய முறை. அதுவே தனி நஞ்சாகிவிடும். மருத்துவர் சொல்லாமல் எதையும் வாயில் ஊற்ற வேண்டாம். பண்டிகை விடுமுறையில் திறந்திருக்கும் மருத்துவமனையின் எண்ணை மாவு பிசையும் முன்பே தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். இனி நாய்க்கான செய்முறை எதை வெளியிட்டாலும் அளவுகளைக் கிராமில் தாருங்கள். ஒன்றின் கலோரியையும், எத்தனை நாள் தாங்கும் என்பதையும் சேருங்கள். பீநட் பட்டர் என்று வரும் இடத்தில் "சைலிட்டால் இல்லாதது" என்ற இரண்டு சொற்களை அதே வரியில், அதே எழுத்தளவில் அச்சிடுங்கள். கட்டம் கட்டி அடியில் தனியாகப் போட்டால் குறிப்பை வெட்டி ஒட்டி வைப்பவர்கள் அதை விட்டுவிட்டுத்தான் வெட்டுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்